மூன்று விரல்

படத்தில் திருப்பூர் பதினோரு நொடி.
ஆண்ட்வெர்ப்பில் மழை, கறுப்புத் தொப்பிகளின் மேல்
பிளாஸ்டிக் உறை, ஓடும் குழந்தைகள்,
அப்புறம் திடுக்கென்று எங்கள் பதினைந்து வேலம்பாளையம்
ஜெனரேட்டர் சத்தத்தோடு.

அவர்களுக்கு நாங்கள் உள்பனியன் தைத்தோம்.
கை கிடையாது, பக்கத் தையல் கிடையாது,
முன்னே ஒரு துண்டு, பின்னே ஒரு துண்டு,
நாலு மூலை, மூலைக்கொரு துளை.
குஞ்சத்தை அங்கே அவர்களே முடிந்துகொள்வார்கள்,
இன்னதற்கென்று மனசில் நினைத்து முறுக்கிய நூலில்.
அந்த நினைப்புக்கு மட்டும் எங்களுக்கு ஆர்டர் வரவில்லை.

ரபி அஸ்ரியேலின் தீர்ப்பு ஃபேக்ஸில் வந்தது.
ஓரத்திலிருந்து துளை மூன்று விரலுக்குள் இருக்க வேண்டும்.
இதுவரை தைத்தது செல்லாது.
பதினெட்டாயிரம் பீஸ்
தூத்துக்குடி வரை போய்த் திரும்பி வந்தது.
அங்கே ஒரு தெரு,
இத்தனை வருஷம் வெற்றுடம்போடா ஜெபித்தோம் என்று அழுததாம்.
அடுத்த தெரு அவர் ஜன்னலில் கல் விட்டதாம்.
இங்கே முதலாளி சென்னியப்பன்
கால்குலேட்டரில் வட்டியைத் தட்டித் தட்டி அழித்தார்.
கட்டிங் மாஸ்டர் குப்பண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார்:
"மூணு வெரல் சரிங்க. யாரு வெரல்?"

நான் மெர்ச்சண்டைசர்.
கேள்வியை மரியாதையாக மாற்றி அனுப்பினேன்.
பத்தாம் நாள் கூரியரில் ஒரு காகிதம்:
ரபியின் வலது கை, பென்சிலால் ஓரம் வரைந்தது.
சுண்டுவிரல் கொஞ்சம் கோணல்.
கட்டிங் டேபிளுக்கு மேலே செல்லோ டேப் போட்டு ஒட்டினோம்.
ஆறு வருஷம் அந்தக் கைதான் எங்கள் இஞ்ச் டேப்.

மாசியில் தமார் வந்தாள், தோளில் கேமரா.
அந்தக் காகிதத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் என்றாள்.
அந்தக் கையை முத்தமிடக் காத்து நிற்பார்களாம்.
அது கடந்து போனதும் துப்புகிறவர்களும் உண்டாம்.
பணமில்லாதவர்க்கு அது ஆஸ்பத்திரி கட்டியது.
ஒரு வாத்தியாரோடு யாரும் பேசக் கூடாதென்று எழுதியதும் அதுதான்;
அவர் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுப் போனார்.
புருஷன் விடுதலைச் சீட்டு தராத நாற்பத்தொரு பெண்கள்
அவர் வாசலுக்கு நடந்திருக்கிறார்கள்.
பொறுத்திருங்கள் என்றாராம்.

மொழிபெயர்த்தபடி கூடவே நடந்தேன்.
அவினாசி ரோட்டில் இளநீர் குடிக்கும்போது சொன்னாள்,
அவள் அப்பாவைப் புதைக்க அவர் இடம் தரவில்லை என்று.
"அதைப் படத்தில் வைப்பீங்களா?"
ஸ்ட்ராவைக் கடித்தாள். வைக்க மாட்டேன் என்றாள்,
வைத்தால் அது என் படமாகிவிடும்.

மறுநாள் செக்கிங்கில் மயிலாத்தாளை நிற்கச் சொன்னாள்.
காகிதத்தின் மேல் கையை வையுங்கள்.
மயிலாத்தாள் பிசிறு வெட்டும் கத்தரியைக் கீழே வைத்து
கையைச் சேலையில் துடைத்துவிட்டு வைத்தாள்.
அவள் விரல் ஒரு நெல் அளவு நீளம்.
அப்புறம் யாரும் கேட்காமலே கேமராவைப் பார்த்துக் கேட்டாள்:
"ஏனுங்க, புருசன் உட்டுப்போட்டுப் போனவளுக்கு
இவரு என்னங்க சொல்றாரு?"
பதிமூன்று வருஷமாக அவள் வீட்டுக்காரன் பாலக்காட்டில்,
வேறு குடும்பத்தோடு.

நான் மொழிபெயர்த்தேன். தமார் பதில் சொன்னாள்.
அதையும் மொழிபெயர்த்தேன், ஒரே வார்த்தைதான்.
மயிலாத்தாள் காகிதத்தைத் திரும்பப் பார்த்தாள்.
"அளவெல்லாஞ் சரியாத்தான் இருக்குதுங்க" என்றாள்,
கத்தரியை எடுத்துக்கொண்டாள்.

படத்தில் அவள் கை மட்டும் இருக்கிறது.
குரலை எடுத்துவிட்டு வயலின் போட்டிருக்கிறார்கள்.
ஏன் என்று தமாருக்கு எழுத நினைத்து
இரண்டு முறை எழுதி, இரண்டு முறை அழித்தேன்.

சித்திரையில் ரபி காலமானார்.
லட்சம் பேர் வந்தார்களாம். போலீஸ் குதிரைகளும்.
மூன்றாம் வாரம் பையரின் மின்னஞ்சல்:
புதியவர் கை வேறு, அளவு பின்னால் வரும்,
அதுவரை கட்டிங்கை நிறுத்தி வைக்கவும்.

குப்பண்ணன் டேப்பை நகத்தால் உரித்தார்,
சுவரில் சுண்ணாம்பு ஒரு சதுரம் கூடவே வந்தது.
காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமை.
இந்த வார டீக்கணக்கு அதில்தான் இருக்கிறது:
திங்கள் இருபத்தாறு, செவ்வாய் இருபத்தாறு,
புதன் லீவு, மயிலாத்தாளுக்கு மட்டும்
சர்க்கரை இல்லாமல்.